9 முறை சாஃப் சாம்பியன்... ஆனாலும் வங்கதேசத்திடம் தோல்வி! இந்தியக் கால்பந்தில் எங்கே இடிக்குது?

2025 நவம்பர் 18. டாக்கா தேசிய மைதானம். ஆட்டத்தின் 11வது நிமிடத்தில் வங்கதேச வீரர் ஷேக் மோர்சலின் ஒரு கோல் அடித்தார். மீதி இருந்த நேரம் முழுக்க முட்டி மோதியும் இந்தியாவால் பதில் கோல் போட முடியவில்லை. 1-0 என வங்கதேசம் ஜெயித்தது.

இது ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்று ஆட்டம். இரண்டு அணிகளுமே ஏற்கெனவே தகுதி வாய்ப்பை இழந்திருந்ததால், புள்ளிப் பட்டியலில் இந்த முடிவால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் டாக்கா கொண்டாடித் தீர்த்தது. காரணம், கால்பந்தில் இந்தியாவை வங்கதேசம் கடைசியாக வீழ்த்தியது 2003-ல். இடையில் 22 வருஷம் ஓடிவிட்டது.

தெற்காசியாவின் கால்பந்து சாம்பியன் யார் என்று கேட்டால் ரெக்கார்டு இந்தியாவைத்தான் காட்டும். சாஃப் கோப்பை இதுவரை 14 முறை நடந்திருக்கிறது. அதில் 9 முறை இந்தியாதான் சாம்பியன். அப்படிப்பட்ட அணி, சொந்த வட்டாரத்திலேயே ஏன் தடுமாறுகிறது? அக்கம்பக்கத்து நாடுகள் என்ன செய்தன? விரிவாகப் பார்க்கலாம்.

சாஃப் கோப்பை என்றால் என்ன?

தெற்காசிய கால்பந்து கூட்டமைப்பு நடத்தும் தேசிய அணிகளுக்கான தொடர்தான் சாஃப் கோப்பை. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை, மாலத்தீவு, பூடான் என 7 நாடுகள் இதில் உறுப்பினர்கள். ஐரோப்பாவுக்கு யூரோ, தென் அமெரிக்காவுக்கு கோபா அமெரிக்கா மாதிரி, தெற்காசியாவுக்கு இது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. யூரோவும் கோபாவும் கண்டத்தின் தலைசிறந்த தொடர்கள். சாஃப், ஆசியக் கோப்பைக்குக் கீழே இருக்கும் ஒரு வட்டாரத் தொடர்தான். இதில் ஜெயித்தாலும் ஆசியக் கோப்பைக்கு நேரடியாகப் போக முடியாது.

முதல் தொடர் 1993-ல் லாகூரில் 'சார்க் கோல்டு கோப்பை' என்ற பெயரில் நடந்தது. 4 அணிகள் மட்டுமே ஆடிய அந்தத் தொடரில் இந்தியா சாம்பியன். சார்க் நாடுகளின் தலைவர்கள் உச்சி மாநாடு என்று கடைசியாகக் கூடியது 2014-ல், காத்மாண்டுவில். அதற்குப் பிறகு கூடவே இல்லை. ஆனால் அதே நாடுகளின் கால்பந்து அணிகள் அதற்குப் பிறகும் 4 முறை ஒரே தொடரில் ஆடிவிட்டன. இந்த வகையில் அரசியலை விட கால்பந்து கொஞ்சம் பரவாயில்லை!

இதுவரை யார் யார் சாம்பியன்?

இந்தியா - 9 முறை (1993, 1997, 1999, 2005, 2009, 2011, 2015, 2021, 2023)
மாலத்தீவு - 2 முறை (2008, 2018)
இலங்கை - 1 முறை (1995)
வங்கதேசம் - 1 முறை (2003)
ஆப்கானிஸ்தான் - 1 முறை (2013)

9 கோப்பைகளையும் சொந்த மண்ணிலேயே ஜெயித்ததாக நினைத்துவிட வேண்டாம். லாகூர், காத்மாண்டு, கராச்சி, டாக்கா, மாலே என 5 கோப்பைகள் வெளிநாட்டில் ஜெயித்தவை. 14 தொடர்களில் 13-ல் இந்தியா முதல் இரண்டு இடங்களுக்குள் வந்திருக்கிறது. 2003-ல் மட்டும் அரையிறுதியில் வங்கதேசத்திடம் தோற்று 3வது இடம். வட்டாரத் தொடர் ஒன்றில் ஒரே அணி இவ்வளவு காலம் ஆதிக்கம் செலுத்துவது அரிது.

அப்போ பிரச்னை எங்கே?

சாஃப் எல்லையைத் தாண்டி வெளியே வந்தால்தான் பிரச்னை தெரியும். அதற்கு 2023-ம் ஆண்டே நல்ல உதாரணம்.

அந்த வருஷம் இம்பாலில் நடந்த முத்தரப்புத் தொடரை இந்தியா ஜெயித்தது. புவனேஸ்வரில் இன்டர்கான்டினென்டல் கோப்பையை ஜெயித்தது. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் சாஃப் கோப்பையையும் ஜெயித்தது. பாகிஸ்தானுக்கு எதிராக சுனில் சேத்ரி ஹாட்ரிக் அடித்தார், முடிவு 4-0. விருந்தினர் அணியாக வந்திருந்த லெபனானை அரையிறுதியிலும், இன்னொரு விருந்தினரான குவைத்தை இறுதிப்போட்டியிலும் பெனால்டி ஷூட்-அவுட்டில் வீழ்த்தியது. ஃபிஃபா தரவரிசையில் 99-வது இடம். 'இந்தியக் கால்பந்து எழுந்துவிட்டது' என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

ஆறே மாதம். 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டத்திலும் தோல்வி, ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 2023-ல் ஜெயித்த மூன்று கோப்பைகளும் சொந்த ஊரில், சொந்த ரசிகர்கள் முன்னால் ஜெயித்தவை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு சரிவுதான். 2024 மார்ச்சில் குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோல்வி. ஜூனில் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாக் நீக்கம். அதே மாதம் சேத்ரி ஓய்வு. அடுத்த கோல்காரர் யார் என்ற கேள்விக்கு பதில் கிடைக்காததால், 2025 மார்ச்சில் சேத்ரியே மறுபடி அழைத்து வரப்பட்டார். அப்போது அவருக்கு வயது 40. மாலத்தீவுக்கு எதிராக 3-0 என ஜெயித்த ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் போட்டார். 2023 நவம்பருக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது!

ஆசியக் கோப்பை தகுதிச்சுற்றில் ஹாங்காங்கிடம் தோல்வி, கோவாவில் சிங்கப்பூரிடம் தோல்வி, டாக்காவில் வங்கதேசத்திடம் தோல்வி. 2027 ஆசியக் கோப்பையில் இந்தியா இல்லை. தரவரிசையும் 140-க்குக் கீழே போனது.

ஹம்சா சவுத்ரி: வங்கதேசத்தின் கணக்கு மாறிய கதை

வங்கதேச அணியில் என்ன மாறியது? முதலில் எல்லோரும் சொல்லும் பெயர் ஹம்சா சவுத்ரி. இங்கிலாந்தில் பிறந்தவர். அம்மா வங்கதேசத்தைச் சேர்ந்தவர். லெஸ்டர் சிட்டி கிளப்புக்காக பிரீமியர் லீக்கில் ஆடியவர், 2021-ல் எஃப்.ஏ. கோப்பை ஜெயித்த அணியிலும் இருந்தவர். இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் ஆடியிருக்கிறார்.

2024-ல் வங்கதேச பாஸ்போர்ட் வாங்கினார். அணி மாற ஃபிஃபா அனுமதி கொடுத்தது. 2025 மார்ச்சில் ஷில்லாங்கில், இந்தியாவுக்கு எதிராகத்தான் அவருடைய அறிமுக ஆட்டம். 0-0 என டிரா. அடுத்து கனடாவில் வளர்ந்த ஷமித் ஷோம் வந்தார்.

இதை 'வெளிநாட்டு ஆட்களை விலைக்கு வாங்குவது' என்று சொல்லிவிட முடியாது. பெற்றோரோ தாத்தா, பாட்டியோ அந்த நாட்டைச் சேர்ந்தவர்களாக இருந்து, அந்த நாட்டின் குடியுரிமையும் கையில் இருந்தால் ஃபிஃபா விதி அதை ஏற்கிறது. இலங்கையும் இதே வழியில்தான் போகிறது. லண்டனில் பிறந்த டில்லன் டி சில்வா, ஜெர்மனியில் பிறந்த கிளாடியோ காமர்க்னெக்ட் ஆகியோர் இலங்கைக்காக ஆடுகிறார்கள். பாகிஸ்தானுக்கு, பர்மிங்காமில் பிறந்த ஈசா சுலைமான் ஆடுகிறார்.

உண்மையில் சாஃப் தொடரில் இது புதுசும் இல்லை. 2013-ல் காத்மாண்டுவில் நடந்த இறுதிப்போட்டியில் ஆப்கானிஸ்தான் 2-0 என இந்தியாவை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. அந்த இரண்டு கோல்களையும் அடித்த முஸ்தஃபா அசாத்சோய், சஞ்சார் அகமதி இருவருமே ஜெர்மனியில் கால்பந்து கற்றவர்கள். போரால் சிதறிப்போன ஒரு நாடு, சிதறிய பிள்ளைகளைத் திரட்டியே கோப்பை வாங்கியது. 2016 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் இந்தியாவிடம் இறுதிப்போட்டியில் தோற்ற பிறகு ஆப்கானிஸ்தான் மத்திய ஆசியக் கூட்டமைப்புக்குப் போய்விட்டது. ஆனால் அது காட்டிய வழி இங்கேயே தங்கிவிட்டது.

இந்தியா ஏன் இதைச் செய்ய முடியவில்லை?

உலகம் முழுக்க இந்திய வம்சாவளியினர் இருக்கிறார்கள். இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளின் கிளப்புகளிலும் அகாடமிகளிலும் அவர்களின் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்கள். பிறகென்ன, கூப்பிட வேண்டியதுதானே?

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. வேறு நாட்டின் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றவர், இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். வம்சாவளியினருக்குக் கொடுக்கப்படும் ஓ.சி.ஐ. அட்டை பெயரில் 'சிட்டிசன்' இருந்தாலும், அது குடியுரிமை ஆகாது. விசா இல்லாமல் வந்து போகலாம், இங்கே தங்கலாம், வேலை பார்க்கலாம். ஓட்டுப் போட முடியாது. இந்திய ஜெர்சியும் போட முடியாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மட்டுமே நாட்டுக்காக ஆடலாம் என 2008-லேயே மத்திய விளையாட்டு அமைச்சகம் கொள்கை வகுத்துவிட்டது. இது கால்பந்துக்கு மட்டுமல்ல, எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும்.

வங்கதேசம், இலங்கை, பாகிஸ்தான் மூன்றுமே நிபந்தனைகளோடு இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கின்றன. ஹம்சா சவுத்ரி பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விடாமலேயே வங்கதேசத்துக்கு ஆடலாம். அதே நிலையில் இருக்கும் ஒரு இந்திய வம்சாவளி வீரர், பிரிட்டிஷ் குடியுரிமையை முழுசாக விட்டுக்கொடுத்தால்தான் இந்தியாவுக்கு ஆட முடியும். ஐரோப்பாவில் கிளப்பில் ஆடிப் பிழைப்பவருக்கு இது சாதாரண முடிவா? வேலை அனுமதி, குடும்பம், ஓய்வுக்குப் பிறகான வாழ்க்கை எல்லாமே அந்த பாஸ்போர்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அப்படியும் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் பிறந்த அரட்டா இசுமி, ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு 2013-ல் இந்தியாவுக்கு ஆடினார். அடுத்து ரயான் வில்லியம்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து, பெங்களூரு எஃப்.சி. கிளப்புக்கு ஆடும் இவர், அம்மா வழியில் இந்தியத் தொடர்பு கொண்டவர். ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து இந்தியர் ஆனார். 2025 நவம்பரில் இந்திய முகாமுக்கும் அழைக்கப்பட்டார். ஆனால் அனுமதி நடைமுறைகள் உரிய நேரத்தில் முடியாததால் டாக்கா ஆட்டத்தில் இறங்க முடியவில்லை. பல வருஷத்துக்கு ஒருவர், இருவர் என்ற கணக்கு இது. அக்கம்பக்கத்து நாடுகளில் வேகம் இதைவிடப் பல மடங்கு.

பாஸ்போர்ட் கிடைத்தால் பிரச்னை தீர்ந்துவிடுமா?

டாக்கா தோல்விக்குப் பிறகு 'சட்டத்தை மாற்றுங்கள்' என்ற குரல் பலமாகக் கேட்டது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் அதுவே மருந்து என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இதற்கு சாஃப் தொடரிலேயே மூன்று சாட்சிகள் உண்டு.

முதல் சாட்சி, பாகிஸ்தான். 2023-ல் பெங்களூரு வந்த பாகிஸ்தான் அணியில் ஈசா சுலைமான் போன்ற வெளிநாட்டில் வளர்ந்த வீரர்கள் இருந்தார்கள். முடிவு? இந்தியாவிடம் 0-4, குவைத்திடம் 0-4, நேபாளத்திடம் 0-1. மூன்று ஆட்டம், 9 கோல் வாங்கியது, ஒன்றுகூட அடிக்கவில்லை. விசா தாமதத்தால் ஆட்டம் நடக்கும் அன்றுதான் அணி பெங்களூரு வந்து சேர்ந்தது என்பதும் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் வேறு. சங்கத்துக்குள் சண்டை, ஃபிஃபாவின் தொடர் தடைகள், ஒழுங்காக நடக்காத உள்நாட்டு லீக். அடித்தளம் இல்லாத இடத்தில் எத்தனை நல்ல தூண் நட்டாலும் நிற்காது.

இரண்டாவது சாட்சி, மாலத்தீவு. மொத்த மக்கள்தொகையே சுமார் 5 லட்சம்தான். ஆனாலும் 2 முறை சாம்பியன், இரண்டு முறையும் இறுதிப்போட்டியில் இந்தியாவைத்தான் வீழ்த்தியது. சாஃப் வரலாற்றில் அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலில் மாலத்தீவின் அலி அஷ்ஃபக்கும் சேத்ரியும் 23 கோல்களோடு சமமாக இருக்கிறார்கள். 2018 தொடர் இன்னும் சுவாரசியம். குழுப் பிரிவில் மாலத்தீவு ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இலங்கையும் அதே நிலை, அதே புள்ளி. கடைசியில் காசு சுண்டிப் போட்டுத்தான் மாலத்தீவை அரையிறுதிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து நேபாளத்தை 3-0 என்றும், இறுதிப்போட்டியில் இந்தியாவை 2-1 என்றும் வீழ்த்திக் கோப்பையை வாங்கியது! இந்தியா அந்தத் தொடருக்கு 23 வயதுக்குட்பட்ட அணியைத்தான் அனுப்பியிருந்தது.

மூன்றாவது சாட்சிதான் முக்கியமானது. வங்கதேசத்தின் பெண்கள் அணி.

பெண்கள் கோப்பை சொல்லும் பாடம்

பெண்களுக்கான சாஃப் கோப்பையின் முதல் 5 தொடர்களையும் இந்தியாவே ஜெயித்தது. 2010 முதல் 2019 வரை வேறு யாருக்கும் வழியே இல்லை. 2022-ல் அது உடைந்தது. காத்மாண்டுவில் நடந்த குழு ஆட்டத்தில் வங்கதேசம் 3-0 என இந்தியாவை வீழ்த்தியது. இறுதிப்போட்டியில் நேபாளத்தை 3-1 என வீழ்த்திக் கோப்பை வாங்கியது. 2024-லும் அதே காத்மாண்டு, அதே நேபாளம், அதே வங்கதேசம் சாம்பியன். அடுத்த வருஷமே அந்த அணி ஆசியக் கோப்பைக்கு முதல்முறையாகத் தகுதி பெற்றது.

இந்த அணியை உருவாக்கியது வெளிநாட்டு பாஸ்போர்ட் இல்லை. மைமென்சிங் மாவட்டத்தின் கல்சிந்தூர் மாதிரி கிராமங்களில், பள்ளிக்கூட மைதானத்தில் ஆடிய பெண் பிள்ளைகள். அவர்களை சின்ன வயசிலேயே தேர்வு செய்து, டாக்காவில் ஒன்றாகத் தங்கவைத்து, வருஷக்கணக்கில் ஒன்றாகவே பயிற்சி கொடுத்தார்கள். 14 வயது, 15 வயது தொடர்களில் ஒன்றாக ஆடியவர்கள் பெரியவர்கள் ஆனதும் ஒன்றாகவே கோப்பையைத் தூக்கினார்கள். கணக்கு அவ்வளவுதான்.

அதாவது, ஒரே வங்கதேசம் இரண்டு வழியையும் காட்டுகிறது. ஆண்கள் அணிக்கு வெளியே இருந்து ஆள் வந்தது, பெண்கள் அணி உள்ளேயே வளர்ந்தது. இதுவரை கோப்பை கொண்டுவந்தது இரண்டாவது வழிதான்.

இந்தியாவில் உள்ளே என்ன நடக்கிறது?

இந்தியாவில் ஐ.எஸ்.எல். இருக்கிறது. பெரிய மைதானங்கள், டி.வி. ஒளிபரப்பு, வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் எல்லாம் இருக்கிறார்கள். ஆனால் கோல் அடிக்கும் பொறுப்பை கிளப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டு வீரர்களிடம்தான் கொடுக்கின்றன. வாரா வாரம் விங்கில் ஓடிப் பழகிய வீரர், தேசிய அணிக்கு வந்ததும் திடீரென ஸ்ட்ரைக்கர் ஆகிவிட முடியாது. 40 வயசு சேத்ரியைத் திரும்பக் கூப்பிட வேண்டி வந்ததன் பின்னணி இதுதான்.

அந்த லீக்கும் 2025-ல் ஆட்டம் கண்டது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியும் தருவாயில் இருந்தது. அதைப் புதுப்பிப்பதில் இழுபறி. 2025 ஜூலையில் புது சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. எப்போது லீக் தொடங்கும், சம்பளம் வருமா என்று தெரியாமலேயே பல மாதம் வீரர்கள் காத்திருந்தார்கள். சிங்கப்பூரிடமும் வங்கதேசத்திடமும் இந்தியா தோற்றது சரியாக அந்த மாதங்களில்தான்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. 2025 ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்த மத்திய ஆசிய நாடுகளுக்கான சி.ஏ.எஃப்.ஏ. நேஷன்ஸ் கோப்பையில், விருந்தினர் அணியாகப் போன இந்தியா, தஜிகிஸ்தானை அதன் சொந்த மண்ணில் வீழ்த்தியது. ஓமனை பெனால்டியில் வென்று 3வது இடம் பிடித்தது. புதுப் பயிற்சியாளர் காலித் ஜமீலின் முதல் தொடர் அது. தன்னைவிட பலமான அணிகளோடு வெளியூரில் ஆடிக் கிடைத்த அந்த 3வது இடத்தை, உள்ளூரில் வாங்கிய சில கோப்பைகளைவிட மதிப்பானதாகவே சொல்லலாம்.

அடுத்து என்ன பார்க்க வேண்டும்?

சாஃப் கோப்பையின் 15வது தொடர் 2025-ல் நடந்திருக்க வேண்டியது. 2026-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அது நடக்கும்போது இந்தியா 10வது கோப்பையை வாங்குமா என்பதுதான் தலைப்புச் செய்தியாக இருக்கும். ஆனால் கோப்பையை விட மூன்று விஷயங்களைக் கவனிப்பது முக்கியம்.

ஒன்று, இந்தியா எந்த அணியை அனுப்புகிறது. 2009-லும் 2018-லும் இளம் அணியைத்தான் அனுப்பியது. முதல் முறை கோப்பை வந்தது, அடுத்த முறை வரவில்லை. இப்போதைய போட்டியில் இதை 'பயிற்சித் தொடர்' என்று நினைத்தால் அடி பலமாக விழலாம்.

இரண்டு, இந்தியாவின் கோல்களை அடிப்பவரின் வயசு. சேத்ரிக்குப் பிறகு ஒரு 22, 23 வயசுப் பையன் 3 கோல் அடித்தால், அது கோப்பையை விடப் பெரிய செய்தி.

மூன்று, மற்ற அணிகளின் பட்டியலில் எத்தனை புதுப் பெயர்கள், அவர்கள் எந்த நாட்டு லீக்கில் ஆடுகிறார்கள். தெற்காசியக் கால்பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

30 வருஷமாக சாஃப் கோப்பை இந்தியாவுக்கு ஒரு பழக்கமான கண்ணாடி. அதில் எப்போது பார்த்தாலும் முகம் பெரிதாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சின்னதாக இருந்ததால் அப்படித் தெரிந்தது. இப்போது அவர்கள் வளர்கிறார்கள். குடியுரிமைச் சட்டம் பற்றி நாடாளுமன்றம்தான் முடிவு செய்ய முடியும், அதற்கு காலம் பிடிக்கும். ஆனால் ஒரு லீக்கை நேரத்துக்குத் தொடங்கவும், உள்ளூர் ஸ்ட்ரைக்கருக்கு 90 நிமிடம் கொடுக்கவும், 14 வயசுப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் ஒன்றாக வளர்க்கவும் எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை.